சாக்பீஸும் ஜுராசிக் கடலும்

பத்தாம் வகுப்பு மாணவி, அமராவதி நகர்



நம் பள்ளியில் வாரந்தோறும் ஒரு மாணவி காலைக் கூட்டத்தில் அறிவியல் செய்தி ஒன்றைச் சொல்வது வழக்கம். என் முறை வந்தபோது, யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் ஒரு புத்தகத்தைப் புரட்டி, சாக்குப் பாறையைப் பற்றிப் படித்துக்கொண்டு போனேன். மறுநாள் ஒரு சாக்பீஸை உயர்த்திக் காட்டி, "இது வெறும் சுண்ணக் கட்டி அன்று. ஜுராசிக் காலம் முதல் கடலில் மிதந்து வாழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் கவசங்களே இது. நம் ஆசிரியைகள் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் கோடிக்கணக்கான உயிர்களின் மிச்சம் தூளாக உதிர்கிறது" என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. தலைமை ஆசிரியை அவர்களும் புன்னகை செய்தார்கள். அன்று முழுவதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மதிய உணவு வேளையில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, சாக்பீஸ் கடல்ல இருந்து வந்ததுன்னு சொன்னீங்களே, நீங்க பார்த்தீங்களாக்கா?" என்று கேட்டாள். "புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்றேன். "நம்ம ஸ்கூல் சாக்பீஸைப் பத்தியா போட்டிருக்கு?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. அவளை அழைத்துக்கொண்டு அறிவியல் சிஸ்டரிடம் போனேன்.

சிஸ்டர் விடை சொல்லவில்லை. "சோதித்துப் பாருங்கள்" என்று எங்களை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றார்.

ஆய்வகத்தில் நடந்தது

கடல் உயிர்களின் கவசம் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. முட்டை ஓடும் அதே பொருள்தான். கால்சியம் கார்பனேட்டின் மீது அமிலம் பட்டால் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வெளிவரும் என்பதை வேதியியலில் நாம் படித்திருக்கிறோம். சிஸ்டர் மூன்று சோதனைக் குழாய்களை வைத்தார். முதற்குழாயில் முட்டை ஓடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இட்டார். நுரை பொங்கி எழுந்தது. இரண்டாம் குழாயில் எங்கள் வகுப்புச் சாக்பீஸின் துண்டும் அதே அமிலமும் இட்டார். சில குமிழிகள் வந்தன. "வருகிறது சிஸ்டர்!" என்று நான் கூவிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மூன்றாம் குழாயில் இன்னொரு சாக்பீஸ் துண்டையும் வெறும் தண்ணீரையும் இட்டார். அதிலும் அதே அளவு குமிழிகள் வந்து, சற்று நேரத்தில் நின்றுபோயின. அவை சாக்பீஸின் நுண்துளைகளில் அடைந்திருந்த காற்று என்று அப்போதுதான் புரிந்தது. முட்டை ஓடு மட்டும் நெடுநேரம் நுரைத்துக்கொண்டே இருந்தது.

எங்கள் சாக்பீஸ் சாக்குப் பாறையே அன்று. அது ஜிப்சத்தைச் சுட்டுப் பெறும் பாரிஸ் சாந்தினால் செய்தது. அதாவது கால்சியம் சல்பேட். பெயர் மட்டும்தான் சாக். கார்பனேட்டால் செய்யும் சாக்பீஸ்களும் கடைகளில் உண்டு. ஆனால் என் கையில் இருந்தது அதுவன்று. முந்நூறு பேர் முன்னால் நான் சொன்னது தவறு. என் முகம் வாடியதைப் பார்த்த சிஸ்டர், "உயிரைப் பற்றி நீ சொன்னது பொய்யன்று. அதைத் தவறான பொருளில் கொண்டுபோய் ஒட்டிவிட்டாய். இப்போது இரண்டையும் ஒழுங்காகப் படித்து, மலருக்கு எழுதிக் கொடு" என்றார். அப்படிப் படித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அந்த உயிர் எது?

கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களுக்கு மிதவை உயிர்கள் அல்லது பிளாங்டன் என்று பெயர். அவற்றுள் ஒருவகை, சூரிய ஒளியால் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும் ஒற்றைச் செல் பாசியாகும். அது தன் உடலைச் சுற்றிச் சுண்ணத்தால் ஆன சிறு தட்டுகளை அடுக்கிக்கொள்ளும். அத்தட்டுகளுக்குக் காக்கோலித் என்று பெயர். உயிர் மடிந்த பின் செல் அழிந்துவிடும். தட்டுகள் கடலடியில் படிந்து தொல்லுயிர் எச்சமாக நிலைக்கும்.

ஜுராசிக் காலம் என்பது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சுமார் 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அக்காலத்தின் நடுப்பகுதியில் தோன்றிய ஓர் இனத்தின் பெயர் வாட்ஸ்நாவேரியா பார்னசே. நாக்கைச் சுழற்றும் இப்பெயரை நான் பத்துத் தடவை எழுதிப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்தேன். 1959-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் பிளாக் என்ற அறிஞரும் பார்ன்ஸ் என்ற பெண்மணியும் இங்கிலாந்தின் சாக்குப் பாறையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அந்த ஆய்வில் விவரிக்கப்பட்ட இந்த இனம் பார்ன்ஸ் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. லத்தீனில் பெண்களின் பெயரைச் சூட்டும்போது 'ஏ' என்ற விகுதி சேரும். அதனால்தான் பார்னசே.

இதன் தட்டு எப்படியிருக்கும்? எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நான்கு பவர் டேபிள் உண்டு; பனியன் கம்பெனிகளிலிருந்து துணி வாங்கித் தைத்துக் கொடுக்கிறார். தையல் மிஷினின் பாபினை நம்மில் பலர் கையாண்டிருப்போம். இரண்டு வட்டத் தகடுகள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு குட்டைக் குழல். வாட்ஸ்நாவேரியாவின் தட்டும் அதே அமைப்புதான். வட்டத்துக்குப் பதில் நீள்வட்டம். ஒவ்வொரு தகடும் இருபது, முப்பது சுண்ணப் படிகங்கள் விசிறி மடிப்புப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அமைந்தது. ஒரு தட்டின் இரண்டு தகடுகளுக்கு இடையில் அடுத்த தட்டின் விளிம்பு நுழைந்துகொள்ளும். இப்படிப் பல தட்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரு பந்தாகி, நடுவில் இருக்கும் செல்லைக் காக்கும். நூலும் இல்லை, ஊசியும் இல்லை, பிரிந்துபோகாத தையல்!

அளவைச் சொன்னால் வியப்பாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இத்தட்டின் நீளம் சில மைக்ரான்களே. தாராளமாக 8 மைக்ரான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 125 தட்டுகளை வரிசையாக வைக்கலாம். அப்படியானால் ஒரு சதுர மில்லிமீட்டரில், அதாவது ஒரு குண்டூசித் தலையைவிடச் சிறிய இடத்தில், 125 பெருக்கல் 125, ஆக 15,625 தட்டுகள் அடங்கும். நம் மாவட்டத்து ஊர் ஒன்றின் மக்கள்தொகை அளவுக்கு!

இவ்வளவு சிறிய தட்டு தனியாக விழுந்தால் ஆழ்கடலின் அடியைச் சேர நெடுங்காலம் ஆகும். ஆனால் மிதவைப் பாசிகளைச் சிறு கடற்பிராணிகள் தின்கின்றன. அவற்றின் எச்சத்தில் பல்லாயிரம் தட்டுகள் உருண்டையாகத் திரண்டு விரைவில் அடிக்குப் போய்ச் சேர்கின்றன. இப்படி ஆயிரம் ஆண்டுகளில் ஓரிரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் சேறு சேர்ந்து, இறுகிப் பாறையாயிற்று. இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் செங்குத்துப் பாறைகள் பெரும்பாலும் இத்தகைய தட்டுகளால் ஆனவையே. உண்மையான சாக் அதுதான்.

அறிஞரும் ஏமாந்த கதை

காக்கோலித்துகளை முதலில் கண்டவர் ஜெர்மன் அறிஞர் எரன்பர்க். 1836-இல் அவர் சாக்குப் பாறைத் தூளில் இந்தச் சிறு தட்டுகளைப் பார்த்தார். ஆனால் அவை உயிரால் ஆனவை அல்ல, தாமாகவே உண்டான படிகங்கள் என்று கருதினார்.

பின்னர் 1857-இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போடுவதற்காக, ஆழம் அளக்க 'சைக்ளோப்ஸ்' என்ற கப்பல் அனுப்பப்பட்டது. கடலடியிலிருந்து எடுத்த சேற்றை ஆல்கஹாலில் ஊறவைத்துக் கொண்டுவந்தார்கள். அதை ஆராய்ந்த தாமஸ் ஹக்ஸ்லி, 1858-இல் இந்தத் தட்டுகளுக்குக் காக்கோலித் என்று பெயரிட்டார். அதற்குப் பின் வாலிச், சார்பி என்ற இருவரும் இத்தட்டுகள் உருண்டை வடிவில் சேர்ந்திருப்பதைக் கண்டு, இவை உயிரின் பகுதிகளே என்று காட்டினர்.

1868-இல் ஹக்ஸ்லி பழைய சேற்றுப் புட்டிகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். தட்டுகளுக்கு இடையே கூழ் போன்ற ஒரு பொருள் படர்ந்திருந்தது. கடலடி முழுவதும் பரவிக் கிடக்கும் ஆதி உயிர்க்கூழ் இதுவே என்று எண்ணி, அதற்குப் 'பாத்திபியஸ்' என்று பெயரும் சூட்டிவிட்டார். உலகமே வியந்தது.

ஆனால் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' கப்பலின் அறிஞர்கள் எத்தனை இடங்களில் சேறு எடுத்தும் அந்தக் கூழைக் காணவில்லை. கப்பலில் இருந்த புக்கானன் என்ற வேதியியலர் காரணத்தைக் கண்டுபிடித்தார். கடல்நீரில் ஆல்கஹாலை மிகுதியாகச் சேர்த்தால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் சல்பேட் கூழாகப் படிகிறது! ஹக்ஸ்லி கண்ட ஆதி உயிர், புட்டிக்குள் உண்டான வெறும் கால்சியம் சல்பேட். செய்தி கிடைத்ததும் ஹக்ஸ்லி சாக்குப்போக்குச் சொல்லவில்லை. 1875-இல் தம் தவறை அச்சிலேயே ஒப்புக்கொண்டார். அதே சேலஞ்சர் பயணத்தில்தான், காக்கோலித்துகளைச் சுமக்கும் உயிர்கள் கடலடியில் அல்ல, வெளிச்சம் படும் மேற்பரப்பில் வாழ்கின்றன என்பதும் உறுதியாயிற்று.

இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஹக்ஸ்லியை ஏமாற்றியதும் கால்சியம் சல்பேட். என்னை ஏமாற்றியதும் கால்சியம் சல்பேட். அவ்வளவு பெரிய அறிஞரே எழுதித் தந்து திருத்திக்கொண்டார் என்றால், நான் காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வதற்கு என்ன வெட்கம்?

நம் நாட்டில் எங்கே இருக்கிறது?

"அப்படியானால் நம் ஊரில் தோண்டினால் இது கிடைக்குமா, சிஸ்டர்?" என்று கேட்டேன். கிடைக்காது. அமராவதி அணையைச் சுற்றியுள்ள பாறைகள் மிகப் பழமையானவை. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றில் தொல்லுயிர் எச்சம் இராது.

ஜுராசிக் கடலின் படிவுகளைக் காணக் குஜராத்தின் கச்சுப் பகுதிக்கோ இராஜஸ்தானின் ஜெய்சால்மருக்கோ போக வேண்டும். கச்சுப் படிவுகளில் வாட்ஸ்நாவேரியா கிடைத்திருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் போகாமலே இதே இனத்தைச் சந்திக்க வழி உண்டு. ஏனெனில் இந்த இனம் ஜுராசிக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலம் முழுவதும் வாழ்ந்தது. அந்தக் கிரெட்டேசியஸ் காலத்தில் நம் தமிழ்நாட்டின் ஒரு பகுதி கடலாக இருந்தது!

நம் அமராவதி ஆறு கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. காவிரி திருச்சியை அடைகிறது. திருச்சிக்கு வடக்கே சென்னைச் சாலையில் சென்றால் பாடாலூர். அதற்குக் கிழக்கே ஊட்டத்தூர், காரை, அப்பால் அரியலூர். இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்து விலகியபோது கிழக்கே கடல் உண்டாகி, இந்த ஊர்கள் இருக்கும் இடம்வரை ஏறிவந்தது. 1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்ற இருவர் இங்கே சேகரித்த சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846-இல் விவரித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் 1862-இல் இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். உலகெங்கும் உள்ள புவியியல் நூல்களில் நம் ஊட்டத்தூரின் பெயர் இருக்கிறது என்பது நமக்குப் பெருமையல்லவா?

பாடாலூரில் என் மாமா வீடு இருக்கிறது. விடுமுறையில் மாமா தம் வண்டியில் என்னைக் காரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே நிலம் மழைநீரால் அரிக்கப்பட்டு, மேடும் பள்ளமுமாக, காவியும் மஞ்சளும் சாம்பலுமாகக் கிடக்கிறது. ஒரு மரநிழல் இல்லை. காலடியில் துப்பாக்கிக் குண்டு போன்ற பழுப்புக் கற்கள் கிடந்தன. அவை கணவாய் மீனின் உறவான பெலம்னைட் என்ற பிராணியின் உட்கூட்டின் பகுதிகள். களிமண்ணின் நடுவே கண்ணாடி போல ஏதோ பளபளத்தது. "சிப்பியா மாமா?" என்று குனிந்தேன். மாமா, "அது ஜிப்சம் கண்ணு. சிமெண்ட் கம்பெனிக்கு வெட்டிக்கிட்டுப் போவாங்க" என்றார்.

ஜிப்சம்! மறுபடியும் கால்சியம் சல்பேட்! நான் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். என் காலடியில் இருந்த அந்தக் களிமண்ணில்தான் வாட்ஸ்நாவேரியாவின் தட்டுகளும் இருக்கின்றன. அறிஞர்கள் ஊட்டத்தூர்த் தொகுதியின் களிமண்ணிலிருந்து காக்கோலித்துகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். சுமார் 11 கோடி முதல் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சேறு அது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது வெறும் உப்பு. கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்ததே உயிரின் மிச்சம். நாங்கள் அங்கிருந்து எதையும் எடுத்துவரவில்லை; பார்த்துவிட்டு வந்தோம்.

இதனால் என்ன பயன்?

"இதைப் படித்து என்ன சம்பாதிக்கப் போகிறாய்?" என்று அப்பா வேடிக்கையாகக் கேட்டார். அவருக்காக இதையும் தேடிப் படித்தேன்.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடி ஆழ்துளை இடும்போது மேலே வருவது பொடிந்த பாறைத் துகள்களே. அவற்றில் முழுச் சிப்பி கிடைப்பது அரிது. ஆனால் காக்கோலித்துகள் நொறுங்காமல் ஆயிரக்கணக்கில் இருக்கும். எந்த இனங்கள் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்து அப்பாறையின் வயதைச் சொல்லிவிடலாம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வாட்ஸ்நாவேரியா பார்னசே ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள் வாழ்ந்தது. ஆகவே அது ஒன்றை மட்டும் பார்த்து வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. குறுகிய காலமே வாழ்ந்து மறைந்த இனங்கள்தாம் அதற்கு உதவும். ஆனால் நம் வாட்ஸ்நாவேரியா வேறொரு செய்தி சொல்கிறது. அதன் தட்டு தடித்தது, எளிதில் கரையாது. ஒரு பாறையில் மற்றவை குறைந்து, இது மட்டும் மிகுதியாக இருந்தால், மெல்லிய தட்டுகள் கரைந்துபோயின என்று அறிஞர் எச்சரிக்கையடைவார்கள். மிஞ்சியதை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதை இச்சிறு தட்டு கற்பிக்கிறது.

சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் ஒரு பெரிய விண்கல் மோதியது. டைனோசர்கள் அழிந்த செய்தியை நாம் அறிவோம். அதே காலத்தில் காக்கோலித் இனங்களில் பத்துக்கு ஒன்பது பங்கு மறைந்தன. வாட்ஸ்நாவேரியாவும் அவற்றுள் ஒன்று. ஆயினும் தப்பிப் பிழைத்த சில இனங்களின் வழிவந்தவை இன்றும் கடலில் வாழ்கின்றன. அவற்றுள் மிகப் பரவலான ஒன்றின் பெயரில் ஹக்ஸ்லியின் பெயரும் இருக்கிறது: எமிலியானியா ஹக்ஸ்லேயி. அது பெருகும்போது கடல் பால் கலந்தாற்போல் வெளிறுவதைச் செயற்கைக்கோள்கள் படம் எடுக்கின்றன. கடலின் மிதவைப் பாசிகள் அனைத்தும் சேர்ந்து வெளியிடும் பிராண வாயு, நிலத்துத் தாவரங்கள் வெளியிடுவதற்கு ஏறக்குறைய இணையானது. இன்று புகையிலிருந்து மிகுதியாகும் கரியமில வாயு கடலில் கரைந்து நீரின் அமிலத் தன்மையைக் கூட்டுகிறது. நம் சோதனைக் குழாயில் முட்டை ஓடு கரைந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணக் கவசம் அணிந்த உயிர்களைப் பற்றி அறிஞர் ஏன் கவலைப்படுகிறார்கள் என்பது விளங்கும்.

முடிவுரை

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில், சிஸ்டரின் அனுமதியோடு காலைக் கூட்டத்தில் மறுபடி நின்றேன். கையில் அதே சாக்பீஸ். "சென்ற முறை இதைப் பற்றி நான் சொன்னது தவறு. இது ஜிப்சத்தால் ஆனது. ஆறாம் வகுப்புத் தங்கை கேட்ட கேள்வியால் இதைத் தெரிந்துகொண்டேன்" என்று சொன்னேன். கால்கள் நடுங்கின. முன்வரிசையில் நின்ற அந்தச் சிறுமியின் முகம் மலர்ந்தது. இம்முறை கைதட்டல் குறைவுதான். ஆனால் கூட்டம் முடிந்ததும் மூன்று சிறுமிகள் முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வக வாசலில் காத்திருந்தார்கள்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் வினிகரும் முட்டை ஓடும் இருக்கும். என் சொல்லை நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள்.